வீட்டுக் கணினிக்கு அரண்

கோட்டையின் வலிமை மதிலின் உயரத்தில் மட்டும் இல்லை. காப்பவரின் விழிப்பிலும் இருக்கிறது. திருக்குறளில் 'அரண்' என்னும் பெயரால் ஓர் அதிகாரமே உண்டு. கோட்டைக்கு வேண்டிய இயல்புகளையெல்லாம் அதில் எடுத்துரைத்த வள்ளுவர், அத்தனை சிறப்பும் வாய்ந்த அரணும் செயல்திறம் இல்லாதவர்க்குப் பயன்படாது என்னும் கருத்தோடு அதிகாரத்தை முடிக்கிறார். மன்னர்க்கு உரைத்த அவ்வுண்மை இன்று நம் வீட்டு மேசைமேல் இருக்கும் கணினிக்கும் பொருந்துகிறது.

சென்னைக்கு மேற்கே, பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது வானகரம். ஒரு காலத்தில் சிற்றூராக இருந்த அவ்விடம் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த புறநகராகிவிட்டது. அங்குள்ள குடியிருப்பு ஒன்றை எண்ணிப் பாருங்கள். சுற்றுச்சுவர் உண்டு, இரும்புக் கதவு உண்டு, வருவோர் பெயரை ஏட்டில் எழுதிக்கொள்ளும் வாயிற்காவலரும் உண்டு. ஆயினும் வீட்டுக்குள் இருக்கும் கணினியை யார் காக்கிறார்? தந்தையின் வங்கிக் கணக்கும், அண்ணனின் கல்லூரிச் சான்றிதழ்களும், தங்கையின் பாடக் குறிப்புகளும், மறைந்த பாட்டியின் நிழற்படங்களும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. அவற்றைக் கவர நினைப்பவன் சுவரேறிக் குதிக்க வேண்டியதில்லை. இணையத்தின் வழியே ஓசையின்றி வந்துவிடுவான்.

அவனைத் தடுக்க எந்த மென்பொருளை வாங்குவது? விலை மிகுந்ததை வாங்குவதே நலம் என்பார் சிலர். ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு என்பார் வேறு சிலர். இவ்விரண்டு கருத்துகளும் எனக்கு உடன்பாடு அல்ல. பெரும்பாலான வீடுகளுக்கு, கணினியோடு வரும் காவலே போதும். ஆனால் அக்காவலை நாள்தோறும் புதியதாக வைத்திருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து. அதற்குரிய காரணங்களை அறிவதற்குமுன், பகைவன் யார் என்பதையும், காவலன் எவ்வாறு பணிசெய்கிறான் என்பதையும் அறிதல் வேண்டும்.

கணினியில் புகுந்து, தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு பரவும் தீய நிரலை வைரஸ் என்கிறோம். 1986ஆம் ஆண்டு லாகூர் நகரத்தில் உடன்பிறந்தார் இருவர் எழுதிய 'பிரெயின்' என்னும் வைரஸ், நெகிழ்வட்டுகளின் வழியே உலகெங்கும் பரவியது. வட்டு ஒன்று கைமாறினாலன்றி அது மற்றொரு கணினிக்குச் செல்ல இயலாது. இன்றைய தீநிரல்களுக்கோ கைமாற வேண்டிய பொருள் எதுவும் தேவையில்லை. மின்னஞ்சலோடு இணைந்து வருவன சில. விளையாட்டு மென்பொருள்போல வேடமிட்டு வருவன சில. எவரும் எதையும் தொடாதபோதே இணையத்தின் வழியே நுழைவன சில.

இவற்றைப் பிடிக்கும் ஆன்டிவைரஸ் மென்பொருள் இருவகையாகத் தொழிற்படுகிறது. காவல் நிலையத்தில் பழைய திருடர்களின் கைரேகைகளைத் தொகுத்து வைத்திருப்பதுபோல, முன்பே அறியப்பட்ட வைரஸ்களின் அடையாளங்களை அது பட்டியலிட்டு வைத்திருக்கும்; ஒவ்வொரு கோப்பையும் அப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இது முதல் வகை. பட்டியலில் இல்லாத புதியவன் வந்தால், அவன் நடத்தையைக் கவனிக்கும். சிறிது நேரத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரு நிரல் மாற்றத் தொடங்கினால், அதனை ஐயுற்று நிறுத்தும். இது இரண்டாம் வகை. முதல் வகைக் காவலுக்குப் பட்டியல் புதிதாக இருத்தல் இன்றியமையாதது. சென்ற ஆண்டின் பட்டியலை வைத்துக்கொண்டு இன்றைய திருடனைத் தேடுவதால் யாது பயன்?

ஃபயர்வால் என்பதைத் தமிழில் தீயரண் என்பர். ஒரு கட்டடத்தில் பற்றிய தீ அடுத்த கட்டடத்திற்குப் பரவாமல் தடுக்க எழுப்பும் சுவரே இப்பெயருக்கு மூலம். ஆன்டிவைரஸ் வீட்டுக்குள் சுற்றி வரும் காவலன். தீயரண் வாயிலில் நிற்கும் காவலன். கணினிக்கும் பிணையத்திற்கும் இடையே தகவல் செல்ல 65,536 எண்ணிட்ட வாயில்கள் உள்ளன. அவற்றுள் எதைத் திறப்பது, எதை அடைப்பது, யாரை உள்ளே விடுவது என்பதை முடிவு செய்வது தீயரணின் கடமை. 

இவ்விருவரின் அருமையை 2017ஆம் ஆண்டு உலகம் உணர்ந்தது. அவ்வாண்டு மே மாதம் 12ஆம் நாள் பரவத் தொடங்கிய 'வான்னகிரை' என்னும் தீநிரல், சில நாட்களுக்குள் ஏறத்தாழ 150 நாடுகளைத் தாக்கியது. கோப்புகளைப் பூட்டிவைத்து, திறப்பதற்கு 300 டாலர் பணயம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. நம் அண்டை மாநிலமாகிய ஆந்திரத்தில் காவல்துறைக் கணினிகள் சிலவும் முடங்கின. அந்நிரல் நுழைந்தது 445 என்னும் எண்ணுடைய வாயிலின் வழியே. இணையத்திலிருந்து அவ்வாயிலுக்கு வருவதைத் தீயரண் அடைத்திருந்த இடங்களில், வெளியிலிருந்து நேரே அது நுழைய இயலவில்லை. இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச்சு மாதத்திலேயே இலவசமாக வெளியிட்டிருந்தது. அதனை ஏற்றிக்கொண்ட கணினிகள் பிழைத்தன. நாளை பார்ப்போம் என்று தள்ளிப்போட்டவை வீழ்ந்தன. அங்கே வீழ்த்தியது வறுமை அன்று, சோம்பல்.

நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உள்ளது. 2019ஆம் ஆண்டு கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிருவாகப் பிணையத்தோடு இணைந்த கணினி ஒன்றில் தீநிரல் புகுந்தது. கணினிப் பாதுகாப்புக்கென 2004ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் நடுவண் அரசு அமைப்பாகிய செர்ட்-இன், செப்டம்பர் மாதத்தில் அதனைக் கண்டு தெரிவித்தது. நிலையத்தை இயக்கும் உட்பிணையம் அதனின்று முற்றிலும் பிரிக்கப்பட்டிருந்ததால், நிலையத்தின் இயக்கத்திற்கு ஊறு நேரவில்லை என்று இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. பெருங்காவல் உள்ள இடத்திலும் ஒரு கணினி தவறலாம். ஒன்று தவறினாலும் மற்றவை பிழைக்குமாறு இடையே தடை அமைத்தலே அறிவுடைமை என்பதை இதனால் அறிகிறோம்.

இனி, தெரிவுக்கு வருவோம். விண்டோஸ் கணினிகளில் 2004ஆம் ஆண்டு முதல் தீயரண் இயல்பாகவே இயங்கும் நிலையில் வருகிறது. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்னும் முழுமையான ஆன்டிவைரஸும் உடன் வருகிறது. இவற்றுக்குத் தனி விலை இல்லை. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய ஆய்வகங்கள் பல மென்பொருள்களைச் சோதித்து முடிவுகளை வெளியிடுகின்றன. எத்தனை வைரஸ்களைப் பிடிக்கிறது, கணினியை எவ்வளவு மந்தமாக்குகிறது, நல்ல கோப்பைத் தீயதென்று எத்தனை முறை பழிக்கிறது என்னும் மூன்றையும் அவை காட்டும். விளம்பரத்தை நம்புவதினும் அம்முடிவுகளைப் படிப்பது நன்று.

அவ்வாறாயின் விலை கொடுத்து வாங்குவது வீண்செலவா? அவ்வாறு கூறுவது நடுநிலை ஆகாது. சென்னையில் 1991ஆம் ஆண்டு தொடங்கிய கே7, புனேயைச் சேர்ந்த குவிக் ஹீல் முதலிய இந்திய நிறுவனங்களும், அயல்நாட்டு நிறுவனங்களும் தரமான மென்பொருள்களைத் தருகின்றன. இடர் நேர்ந்தபோது தொலைபேசியில் உதவி வேண்டுவோர்க்கும், வீட்டிலேயே தொழில் நடத்துவோர்க்கும் அவை பயன்படும். ஆனால் வாங்கிய ஓராண்டில் உரிமக் காலம் முடிந்தபின், அதனைப் புதுப்பிக்காமலும் நீக்காமலும் விட்டுவைப்பவர் பலர். உறங்கும் காவலனுக்குச் சீருடை எதற்கு?

தவிர்க்க வேண்டியவை மூன்று உண்டு. முதலாவது, இரண்டு ஆன்டிவைரஸ்களை ஒருங்கே இயக்குதல். ஒரே வாயிலில் ஒருவரையொருவர் அறியாத இரு காவலரை நிறுத்தினால், திருடனை விட்டுவிட்டுத் தம்முள் மோதிக்கொள்வர், கணினியும் தளர்ந்துவிடும். இரண்டாவது, உரிமம் இல்லாத கள்ளப்படிகள். காவலுக்கென்று திருட்டுப் பொருளைக் கொணர்வது திருடனையே காவலுக்கு அழைப்பதாகும். அத்தகைய படிகளுக்குள்ளேயே தீநிரலை ஒளித்து வைப்போர் பலர். மூன்றாவது, 'உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, உடனே இங்கே அழுத்துக' என்று திரையில் திடீரெனத் தோன்றும் பொய் எச்சரிக்கை. அச்சமூட்டி விற்பவன் காவலன் அல்லன்.

பழைய கணினி வைத்திருப்போர் ஒன்றை அறிய வேண்டும். விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. நீட்டிப்பு ஏற்பாட்டில் சேராத கணினிக்கு, அதன்பின் காணப்படும் ஓட்டைகளை அடைக்கத் திருத்தங்கள் வாரா. எத்துணை உயர்ந்த ஆன்டிவைரஸும் அக்குறையை முழுதும் ஈடுசெய்யாது. புதிய விண்டோஸை ஏற்க இயலாத கணினியில் லினக்ஸைப் பயன்படுத்தலாம். 2011ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாட்டு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இடம்பெற்றிருந்தமை பலர்க்கு நினைவிருக்கும். அங்கும் தீநிரல் அறவே இல்லை என்பதன்று. புதுப்பித்தல் அங்கும் கடமையே.

ஆன்டிவைரஸுக்குச் செலவிட எண்ணிய பணத்தைக் கொண்டு வெளிவட்டு ஒன்று வாங்குதல் நன்று என்பேன். திங்கள்தோறும் இன்றியமையாத கோப்புகளை அதில் படியெடுத்து, கணினியினின்று கழற்றி வைத்துவிட வேண்டும். பணயம் கேட்பவன் அந்த வட்டைத் தொட இயலாது. வீட்டின் இணையப் பெட்டிக்கு ஆலை இட்ட கடவுச்சொல்லை மாற்றுவதும் செலவில்லாத காவல். ஏமாந்து பணம் இழக்க நேர்ந்தாலோ, நாணி மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். காலம் கடந்தால் பணத்தை மீட்பது அரிது.

மாணவர்களே, பல வீடுகளில் கணினியைப் பெற்றோரினும் நன்கு அறிந்தவர்கள் நீங்களே. ஆதலின் இக்காவல் உங்கள் பொறுப்பு. இன்று மாலை வீட்டிற்குச் சென்றதும் மூன்றனைப் பாருங்கள்: திருத்தங்கள் ஏறியுள்ளனவா? தீயரண் இயங்குகிறதா? கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் படி உண்டா? இம்மூன்றும் அமைந்தால், கடையில் காசு கொடுப்பதற்கு முன்பே உங்கள் வீட்டுக் கணினிக்கு நல்லதோர் அரண் எழுந்துவிட்டது என்று கொள்ளலாம்.