மூன்று தலைமுறைக்கு அப்பால்

சிராத்தம் செய்கிறவர் எள்ளும் தண்ணீரும் விட்டு, பிதா, பிதாமகர், பிரபிதாமகர் என்று மூன்று தலைமுறையின் பெயர்களை உச்சரித்து நிறுத்திக்கொள்கிறார். அதற்கு மேல் சாஸ்திரமும் கேட்பதில்லை, பெரும்பாலான வீடுகளில் ஞாபகமும் இடம் கொடுப்பதில்லை. அந்த வழக்கமில்லாத குடும்பங்களிலோ, பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் பழக்கத்தினால் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை இறங்கிக்கொண்டிருக்க, அப்பெயரை முதன்முதலில் தாங்கியவர் எந்த ஊரிலிருந்து குடிபெயர்ந்து வந்தார், யார் வீட்டில் பெண் எடுத்தார், எந்த மண்ணில் அடங்கினார் என்ற விவரங்களெல்லாம் அவற்றை அறிந்திருந்த கிழவிகளோடு போய்விட்டன. வம்சத்தைப் பற்றி நம்மவர்கள் பேசுகிற பேச்சின் அளவையும், வம்சத்தைப் பற்றி நம்மிடமுள்ள எழுத்தின் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தால், கொஞ்சம் வெட்கப்படவேண்டியதாகவே இருக்கிறது.

இந்த வெட்கம் அதிகமாவது, தென்னாப்பிரிக்காவிலிருந்தோ மொரீஷியஸிலிருந்தோ ஒரு தமிழர் தம் பூர்விக கிராமத்தைத் தேடிக்கொண்டு இங்கே வந்து இறங்கும்போதுதான். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்த 1860 நவம்பர் 16 முதற்கொண்டு 1911 வரையில், நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச்செல்லப்பட்ட ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஜனங்களில், ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு, மச்சம் உட்பட எழுதிவைத்தார்கள். மொரீஷியஸில் 1860களிலிருந்து புகைப்படமும் எடுத்து ஒட்டினார்கள், அந்த ஏடுகள் இன்று அத்தீவின் மகாத்மா காந்தி ஸ்தாபனத்தில் பத்திரமாக இருக்கின்றன. கருணையினால் செய்த காரியம் அல்ல. தோட்டத்தை விட்டு ஓடுகிறவனைப் பிடித்துக்கொண்டு வருவதற்குச் செய்த காரியம். ஆயினும், அந்தக் கூலியின் கொள்ளுப்பேத்தி இன்று ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டு வட ஆற்காட்டுப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குள் நுழைந்து, இன்ன தகப்பனுக்கு இன்ன மகன் இங்கிருந்து போனான் என்று சொல்ல முடிகிறது. கப்பலேறாமல் ஊரிலேயே தங்கிவிட்ட அவனுடைய தமையனின் சந்ததிக்கோ, அந்தத் தமையன் இருந்தான் என்பதற்கே ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

கிடையாது என்று நான் சொல்வதை எல்லாக் குடும்பங்களுக்கும் பொருத்திக்கொள்ளக் கூடாது. நிலம் உள்ளவனுக்கு ஏடு உண்டு. 1858இல் ஏற்பட்ட இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்தையும் விசாரித்து, அனுபவிக்கிறவன் யார், அவனுக்கு அது எப்படி வந்தது என்று பதிந்த பதிவேடுகள் இன்றும் வழக்காடுகிறவர்களால் தேடப்படுகின்றன; செட்டில்மெண்ட் கணக்குகளும், பத்திரப் பதிவு அலுவலகத்தின் பழைய புத்தகங்களும், பாகப்பிரிவினைப் பத்திரங்களும், ஒரு காணி நிலத்தைப் பின்தொடர்ந்து போகிறவனை நாலைந்து தலைமுறைக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகின்றன. அதற்கும் முற்பட்ட 1767–1774 காலத்தில் பர்னார்டு என்ற எஞ்சினீயர் செங்கற்பட்டு ஜாகீர் முழுவதையும் அளந்து ஊர் ஊராகத் திரட்டிய தகவல்களின் மூலமான ஓலைக் கணக்குகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தாருக்கு ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு என்னும் காணிப் பதிவேடு உண்டு.

கிறிஸ்தவர்களுக்கும் ஏடு உண்டு. கத்தோலிக்கக் கோயில் ஒவ்வொன்றும் ஞானஸ்நானம், விவாகம் முதலியவற்றோடு மரித்தவர்களுக்கும், பங்கிலுள்ள குடும்பங்களுக்கும் தனித்தனிப் புத்தகம் வைத்திருக்கவேண்டும் என்று ரோமாபுரி 1614இல் விதித்தது. அந்தக் குடும்பப் புத்தகம் உண்மையில் ஓர் உள்ளூர் ஜனக்கணக்குத்தான். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் பரிசுத்த மரியாள் ஆலயத்தின் பதிவேடு 1680இல் ஈலைஹூ யேல் துரையின் கல்யாணத்தோடு தொடங்குகிறது. துரைமாரின் சந்ததிக்கு அது உபயோகப்படட்டும். நமக்கு அதைவிட முக்கியம், 1706இல் சீகன்பால்கு என்ற பாதிரியார் வந்திறங்கிய தரங்கம்பாடியில், அவருடைய மிஷன் தன்னிடம் சேர்ந்த எளிய ஜனங்களின் பெயர்களை எழுதிவந்தது. ஒரே சேரியில் அடுத்தடுத்த குடிசைகளில் வாழ்ந்த இரண்டு குடும்பங்களில், அன்று ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்துக்கு ஏடு இருக்க, பெறாத குடும்பத்துக்கு ஒன்றுமே இல்லாமற் போயிற்று; நம் சமூகம் தன்னில் ஒரு பகுதியாரின் பெயரை எழுதத் தகுந்ததாக நினைத்ததில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டாம்.

ஆக, நிலமில்லாதவனுடைய பெயர், அவன் சிறைக்கும் போகாமல் கப்பலும் ஏறாமல் ஒழுங்காக வாழ்ந்து மறைந்திருந்தால், சர்க்கார் ஏட்டில் ஏறக்கூடிய சந்தர்ப்பங்கள் பெரும்பாலும் இரண்டே. பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வந்த குமாஸ்தாவோ வாத்தியாரோ அவன் வாசலில் நின்று எழுதிக்கொண்டது ஒன்று. அவன் இறந்தபோது கிராம முன்சீப் எழுதிக்கொண்டது மற்றொன்று. முதலாவது ஏட்டை நாம் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதைக் கறையானிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

சென்னை ராஜதானியில் 1871இலும், தேசம் முழுவதற்கும் ஒரே சமயத்தில் 1881இலும் தொடங்கிய ஜனத்தொகைக் கணக்கில், வீடு வீடாகப் பெயர் எழுதினார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பெண்களின் பெயரைச் சொல்ல வீட்டார் ஆட்சேபித்தால் வற்புறுத்தாமல் ‘பெண்’ என்று மட்டும் எழுதிக்கொள் என்றுகூட அந்தக் காலத்துக் கணக்காளருக்கு உத்தரவு இருந்தது. அப்படி எழுதிய தாள்களிலிருந்து தொகைகளைக் கூட்டி, ஜாதிக்கு இத்தனை, தொழிலுக்கு இத்தனை, குருடர் இத்தனை என்று பெரிய பெரிய புத்தகங்களாக அச்சிட்டுவிட்டு, பெயர்கள் இருந்த தாள்களைப் பிரயோசனமற்றவை என்று கழித்துவிட்டார்கள். வெள்ளைக்கார சர்க்காருக்குத் தொகைதான் வேண்டியிருந்தது; ஆனால் சுதந்திரம் வந்த பிறகும் அதே வழக்கமே நடந்துவந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கணக்கெடுப்பில் எழுதப்பட்ட எதையும் பார்வையிட ஒருவருக்கும் உரிமையில்லை, கோர்ட்டில் சாட்சியமாகவும் அதை ஏற்கலாகாது என்கிறது. உயிரோடிருக்கும் பிரஜையின் அந்தரங்கத்தைக் காக்கும் அந்த ஏற்பாடு மிகவும் நியாயமானது. எனினும் அதற்குக் காலவரம்பு ஒன்றையும் அச்சட்டம் சொல்லவில்லை, நூற்றைம்பது வருஷத்துக்கு முன் மாண்டவருக்கும் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் ஒரே பூட்டுத்தான்.

மற்ற தேசத்தார் இந்தப் பூட்டுக்கு ஒரு நாள் குறித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் நூறு வருஷம். 1921ஆம் ஆண்டின் தாள்கள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டன. அமெரிக்காவில் எழுபத்திரண்டு வருஷம். 1950ஆம் ஆண்டின் தாள்கள் அதே 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டன. அவர்களுக்கும் நஷ்டங்கள் உண்டு: இங்கிலாந்தின் 1931ஆம் ஆண்டுக் கணக்கு 1942இல் ஒரு தீவிபத்தில் எரிந்தது, ஐரிஷ்காரர்களின் கதையோ பரிதாபம், 1861, 1871 தாள்களைச் சர்க்காரே அழித்தது, 1881, 1891 தாள்கள் முதல் உலக யுத்தத்தின்போது காகிதக் கூழாக அரைக்கப்பட்டன, அவற்றிற்கு முந்தியவை 1922இல் டப்ளின் ஆவணச்சாலை எரிந்தபோது பெரும்பாலும் சாம்பலாயின. எஞ்சிய 1901, 1911 ஏடுகளை அவர்கள் இன்று இலவசமாக உலகத்துக்குத் திறந்துவைத்திருப்பது, இழந்தவனுக்கு இருப்பதன் அருமை தெரியும் என்பதனால்தானோ என்னவோ.

நமக்கு ஏற்ற முன்மாதிரி இவர்களில் எவரும் அல்லர், ஆஸ்திரேலியர். நம்மைப் போலவே அவர்களும் பெயர்த்தாள்களை அழித்துவந்தவர்கள். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதற்கு ஒரு மாற்றுச் செய்தார்கள். உங்கள் பெயரோடு கூடிய இந்த விவரத்தைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் தொண்ணூற்றொன்பது வருஷம் மூடிவைத்திருந்து பிறகு வெளியிடச் சம்மதமா என்று ஒரு கேள்வியைப் படிவத்தில் சேர்த்தார்கள். சம்மதித்தவர்கள் ஜனத்தொகையில் பாதிக்கும் மேல். சம்மதியாதவர்களின் பெயர் பழையபடியே மறைந்தது. யாருக்கும் நிர்ப்பந்தமில்லை, யாருடைய அந்தரங்கத்துக்கும் பங்கமில்லை. 2027இல் நம் தேசத்தில் நடக்கும் கணக்கெடுப்பில் இந்த ஒரு கேள்வியைச் சேர்க்கவேண்டும் என்பதே நான் சொல்ல வந்தது. இம்முறை கணக்கெடுப்பவர் காகிதத்தில் எழுதப்போவதில்லை, கைப்பேசியில் பதியப்போகிறார். ஆகையால் தாள்களை அடுக்கிவைக்கக் கிடங்கு எங்கே என்ற பழைய சமாதானம் இனிச் செல்லாது.

இதற்கு எழக்கூடிய ஆட்சேபங்களில் கனமானது ஜாதியைப் பற்றியது. இந்தக் கணக்கெடுப்பில் ஜாதியும் எழுதப்படப்போவதால், அந்த ஏட்டை வைத்திருந்து திறந்தால், நூறு வருஷத்துக்குப் பிறகு பிறக்கப்போகிறவன்மேலும் நம் காலத்து அழுக்கைத் தடவிவிட்டதாகுமே என்று கேட்பவர்களின் மனத்தை நான் மதிக்கிறேன். வம்சாவளி ஆராய்ச்சி என்ற பெயரில் இங்கே நடப்பதில் ஒரு பகுதி, தம் குலத்தை ஏதாவதொரு ராஜாவின் குலத்தோடு ஒட்டவைக்கும் வீண் முயற்சிதான் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அத்தகைய கற்பனைகள் செழிப்பது ஏடில்லாத இடத்தில்தான். கிராமக் கணக்கில் ஒருவனுடைய முப்பாட்டன் பண்ணையாள் என்று எழுதியிருக்குமானால், அவன் சந்ததி அவனைச் சேனாதிபதியாக்க முடியாது, ஆக்கவேண்டிய அவசியத்தையும் உணராது. மேலும், ஏட்டை அழிப்பதால் ஜாதி அழிந்துவிடும் என்றால், இந்த நூற்றைம்பது வருஷத்தில் அது எவ்வளவோ தேய்ந்திருக்கவேண்டும். அழிந்தது, சொத்தில்லாதவனுக்கு ஒரு பாட்டன் இருந்தான் என்பதற்கான அத்தாட்சி மாத்திரம்.

இனி, இறந்தவர் ஏட்டுக்கு வருவோம். 1899ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்தின் கீழும், பிறகு 1969ஆம் ஆண்டின் மத்திய சட்டத்தின் கீழும், கிராமங்களில் பிறப்பையும் இறப்பையும் எழுதிவந்தவர் முன்சீப். பெயர், தகப்பன் அல்லது புருஷன் பெயர், வயது, வியாதி என்று அவர் எழுதிய வரி, நிலமில்லாத ஒருத்தியின் ஆயுளில் அவளைப் பற்றி எழுதப்பட்ட ஒரே வரியாகவும் இருக்கக்கூடும். 1980 நவம்பரில் முன்சீப், கர்ணம் உத்தியோகங்களை ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தபோது, தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டின் பரணில் இருந்த கணக்குகள் புதிய கிராம நிர்வாக அலுவலரின் அறைக்கும், அங்கிருந்து தாலுகா அலுவலகத்துக்கும் மாறின. பரம்பரை உத்தியோகம் போனதில் எனக்கு வருத்தமில்லை. போன வேகத்தில், ஏடுகளின் பேரில் அக்கறையுள்ள கை என்று ஒன்று இல்லாமற் போனதே குறை. இறப்புப் பதிவேடுகள் நிரந்தர ஆவணங்கள், அவற்றை அழிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கறையான் விதி படித்ததில்லை.

மயானத்துக்கென்று தனியாக உள்ள ஏடுகளின் கதியும் இதுதான். நகரசபைகளின் சுடுகாடு, இடுகாடுகளில் எழுதப்படும் புத்தகங்களும், பள்ளிவாசல் ஜமாஅத்துகளின் அடக்கக் குறிப்புகளும், அந்தந்த நிர்வாகியின் பொறுப்புணர்ச்சியைப் பொறுத்தே பிழைத்திருக்கின்றன. 1905இல் ஜே. ஜே. காட்டன் என்ற சிவில் உத்தியோகஸ்தர் ராஜதானி முழுவதிலும் இருந்த கல்லறை வாசகங்களைத் தொகுக்க, சர்க்கார் அச்சுக்கூடமே அதைப் புத்தகமாக வெளியிட்டது. அதில் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பியர். அந்நியருடைய கல்லறைக்குச் செய்யப்பட்ட பணி, கல்லேயில்லாமல் எரிக்கப்பட்டும் புதைக்கப்பட்டும் போன நம்மவருக்கு, ஏட்டளவிலாவது செய்யப்படவேண்டாமா?

செய்யவேண்டியது பெரிய காரியமுமல்ல. தாலுகா அலுவலகங்களிலும் நகரசபைகளிலும் கிடக்கும் ஐம்பது வருஷத்துக்கு முற்பட்ட இறப்புப் பதிவேடுகளையும் மயானப் புத்தகங்களையும் படமெடுத்து, மூலங்களை எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் மேற்பார்வையில் ஜில்லாவுக்கு ஓரிடத்தில் சேர்க்கலாம்; பழைய கையெழுத்தையும் தமிழ் எண்களையும் வாசிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ரெவின்யூ உத்தியோகஸ்தர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களைக் கொண்டு சரித்திரம் படிக்கும் கல்லூரி மாணாக்கர்களைப் பழக்கலாம். எங்கே தொடங்குவது என்று கேட்டால், நாகப்பட்டினம் முதலிய கடலோரத் தாலுகாக்களில் தொடங்குவது உசிதம் என்பேன்; 2004இல் கடல் புகுந்ததும் 2018இல் கஜா புயல் அடித்ததும் அந்தப் பக்கத்தில்தான், உப்புக்காற்றில் காகிதத்துக்கு ஆயுளும் குறைவு.