சிறகா, கழுத்தா?

சுவிற்சலாந்தின் தென்கோடியில், இத்தாலிய எல்லையை ஒட்டி, லுகானோ ஏரிக்கரையிலே சான் ஜோர்ஜியோ என்னும் மலை நிற்கின்றது. ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முன், திரயாசிக்குக் காலத்தில், அவ்விடம் கடலாயிருந்தது. அக்கடலில் வாழ்ந்த மீன்களும் ஊர்வனவும் இறந்தபின் அடிச்சேற்றிலே படிந்தன. ஆழ்நீரில் உயிர்வாயு அரிதாகையால், பல என்புக்கூடுகள் அதிகம் கலையாமலே கல்லினுட் பதிந்து கிடக்கின்றன.

இத்தாலியப் பக்கத்திலுள்ள பெசானோவிற் கிடைத்த ஒரு சிதைந்த கூட்டினை 1886ஆம் ஆண்டிலே பசானி என்னும் அறிஞர் ஆராய்ந்தார். அதனைப் பறக்கும் ஊர்வன வகையிற் சேர்த்தார். அதிலிருந்த நீண்டு மெலிந்த என்புகள் சிறகைத் தாங்கிய விரலென்புகளெனக் கொள்ளப்பட்டன. நாற்பதாண்டுகளுக்கு மேலாக அக்கருத்து நிலைத்திருந்தது.

சூரிச் சர்வகலாசாலைப் பேராசிரியர் பேர்ணாட் பையர் 1924இல் அம்மலையிலே அகழத் தொடங்கினார். 1929இல் முழுமையான கூடொன்று வெளிப்பட்டது. விரலென்புகள் என்றவை உண்மையிற் கழுத்தென்புகள்! தானிசுத்திரோபியசு எனப்படும் அப்பிராணி பறந்ததேயில்லை. அதன் கழுத்து நடுவுடலைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு நீண்டது. ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தென்புகள் 7, இதற்கோ 13.

என்பு மாறவில்லை, அது எதனோடு பொருந்திக் கிடந்தது என்பதே புதிதாகத் தெரியவந்தது. தனித்த என்பு ஊமை. அயலிலுள்ள என்புகளோடு சேர்ந்தபோதே அது பேசுகின்றது. இதனை உணர்ந்தே, பையரின் வழிவந்த கூன்-சினைடர் 1950 முதல் 1968 வரை அம்மலையின் ஓரிடத்தை அடுக்கடுக்காக அகழ்வித்தார்.

பசானி கண்ட அந்த முதற் கூடு இன்றில்லை. 1943இல் மிலான் நகர நூதனசாலைமீது குண்டு வீழ்ந்தபோது அழிந்தது. எஞ்சியவை எழுதிவைத்த குறிப்புகளே.

இம்மலையின் சுவிற்சலாந்துப் பகுதி 2003இலும் இத்தாலியப் பகுதி 2010இலும் உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டன. உயிர்ச்சுவடு சேர்க்க விரும்பும் மாணவர் எந்நாட்டவராயினும் ஒன்றை மனத்திற் கொள்வாராக. முதலில் உரியவரிடம் அனுமதி பெறுக. பின்னர் கிடந்த இடத்தை அளந்து, படம் வரைந்து, அடுக்கினைக் குறித்துக்கொள்க. அதன் பின்னரே கல்லிற் கைவைக்கலாம். பெயர்த்தெடுக்கச் சில நிமிடம் போதும். குறியாது விட்ட இடத்தை மீட்டல் எவர்க்கும் அரிது.