தட்டில் பிறந்த கடற்கொள்ளைக்காரன்

பள்ளிக்கூட விடுமுறையும் அடைமழையும் ஒன்றாக வந்து சேர்ந்தால் வீட்டிலுள்ள பெரியவர்கள் படும் பாட்டை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. முற்றத்தில் இறங்க வழியில்லாத பிள்ளைகள் விறாந்தையை மைதானமாக்கிக் கொள்வார்கள். அண்ணன் தன் பென்சிலை எடுத்துவிட்டான் என்று தங்கை முறையிடுவாள். தங்கை தன்னைக் கிள்ளிவிட்டாள் என்று அண்ணன் எதிர்வழக்குத் தொடுப்பான். நமக்கோ நீதிபதி வேலையன்றி வேறு வேலை ஓடாது. சென்ற மார்கழி விடுமுறையில் அத்தகைய நாளொன்றில் எங்கள் வீட்டில் நடந்ததையும், அது எனக்குக் கற்பித்த பாடத்தையும் இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல எண்ணுகின்றேன்.

பிறந்தநாள் விருந்தொன்றில் மிஞ்சிய வெள்ளைக் கடதாசித் தட்டுகள் சில அலுமாரியிற் கிடந்தன. ஏழு வயதான என் இளைய மகன் அவற்றுள் ஒன்றை எடுத்து, கடற்கொள்ளைக்காரன் முகம் செய்யப் போவதாகச் சொன்னான். வர்ணப்பெட்டி, கத்தரிக்கோல், பசை ஆகியவற்றோடு அமர்ந்து ஒரு மணி நேரம் சத்தமின்றி வேலை செய்தான். முடிவில் அவன் கொண்டுவந்து காட்டிய முகத்தைக் கண்டு எனக்குச் சிரிப்பு வந்தது. கண்மறைப்புக் கண்ணை விட்டு மூக்கின்மேல் அமர்ந்திருந்தது. தாடி ஒரு பக்கத்தில் மட்டும் முளைத்திருந்தது. காதணி கன்னத்தில் ஒட்டியிருந்தது.

ஆண்டுக்கணக்காகச் சிவப்பு மையினாற் பிழை திருத்திப் பழகிய கை சும்மா இருக்குமா? "இங்கே தா ராசா, கொஞ்சம் திருத்தித் தாறன்" என்று வாங்கினேன். கண்மறைப்பைப் பிய்த்து இடம் மாற்றினேன். தாடியைப் புதிதாக வெட்டி ஒட்டினேன். கோணலான வாயை வெள்ளை பூசி மறைத்து வேறு வாய் எழுதினேன். அரைமணி நேரத்தில் கடையில் வாங்கியது போன்ற முகம் தயாராயிற்று. அதனைச் சுவரில் மாட்டிவிட்டுப் பெருமையோடு மகனைப் பார்த்தேன்.

அவன் சிறிது நேரம் அண்ணாந்து பார்த்தான். "வடிவாய்த்தான் இருக்கு, அப்பா. ஆனால் இது நான் செய்தது இல்லை, நீங்கள் செய்தது" என்று சொல்லிவிட்டு, வர்ணப்பெட்டியை மூடிவைத்து எழுந்து போனான். அவன் அழவில்லை, கோபிக்கவுமில்லை. மறுநாளும், அதற்கு மறுநாளும் மழை பெய்தது. வர்ணப்பெட்டி மட்டும் திறக்கப்படவே இல்லை.

அப்பெட்டியைக் காணும்போதெல்லாம் எனக்கு வேறொரு வர்ணப்பெட்டியின் கதை நினைவுக்கு வந்தது. 1881 ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், ஸ்கொத்லாந்து மலைநாட்டிலுள்ள பிறேமார் என்னும் ஊரில், ஒரு குடும்பம் மழையினால் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது. அக்குடும்பத்தில் நோயாளியான எழுத்தாளர் ஒருவர் இருந்தார். அவருடைய மனைவியின் முதல் மணத்துப் பிள்ளையான பதின்மூன்று வயதுச் சிறுவனும் இருந்தான். எழுத்தாளர் றொபேட் லூயி ஸ்ரீவன்சன், சிறுவன் லொயிட். பையன் சித்திரம் வரைந்து பொழுது போக்கினான். ஸ்ரீவன்சனும் அவனருகில் அமர்ந்து தூரிகை பிடித்தார். அவ்விளையாட்டில் ஒரு தீவின் படம் உருவாயிற்று. குடாக்களுக்கும் குன்றுகளுக்கும் பெயர்கள் பிறந்தன. படத்தைப் பார்த்திருந்தபோதே மனிதர்களும் அவருடைய மனத்தில் எழுந்து நடமாடத் தொடங்கினர். அடுத்த பதினைந்து நாட்களில், நாளொன்றுக்கு ஓர் அத்தியாயம் வீதம், அவர் எழுதி வீட்டாருக்கு வாசித்துக் காட்டினார். அவ்வாறு பிறந்த நூலே 1883 இல் வெளிவந்த 'புதையல் தீவு'.

அப்படத்தை முதலில் வரைந்தவர் யார் என்பதில் இருவர் கூற்றும் வேறுபடுகின்றன. தாமே வரைந்ததாக ஸ்ரீவன்சன் எழுதினார். தான் வரைந்து வர்ணந் தீட்டியிருந்த வேளையில் அவர் வந்து சேர்ந்ததாகப் பிற்காலத்தில் லொயிட் எழுதினார். முப்பது வயதுப் பெரியவரும் பதின்மூன்று வயதுச் சிறுவனும், 'இது என்னுடைய படம்' என்று மனமார நம்பும்படி ஒரு படம் அமைந்ததே, அதுவன்றோ சிறப்பு!

இதனைத் தொடர்ந்து நடந்ததுதான் என்னைச் சுட்டது. நூலை அச்சிடக் கொடுத்தபோது மூலப்படம் எப்படியோ தொலைந்துபோயிற்று. ஸ்ரீவன்சன் தமது நூலையே புரட்டி, அதிற் சொல்லியுள்ள இடங்களையும் தூரங்களையும் குறித்தெடுத்து, வேறொரு படம் வரைய நேர்ந்தது. அவருடைய தந்தையார் வெளிச்சவீடுகள் கட்டிய பொறியியலாளர். அவருடைய அலுவலகத்தில், திமிங்கிலங்களும் பாய்க்கப்பல்களும் சேர்த்து, அப்படம் திருத்தமாக வரையப்பட்டது. ஆனால், அந்த அழகிய படம் தமக்கு ஒருபோதும் புதையல் தீவாகத் தோன்றவில்லை என்று ஸ்ரீவன்சனே எழுதி வைத்திருக்கின்றார். என் ஏழு வயது மகன் சுவரை அண்ணாந்து பார்த்துச் சொன்னதும் இதுவே.

மூன்றாம் நாள் மாலை நான் மகனிடம் சென்று, "நான் செய்தது பிழை ராசா. இன்னொரு தட்டு இருக்கு. நீ உன்னுடையதைச் செய், நான் என்னுடையதைச் செய்யிறன்" என்றேன். அவன் சற்று யோசித்து, "என்னுடையதைத் தொடமாட்டீர்களோ?" என்று கேட்டான். தொடமாட்டேன் என்று வாக்களித்த பின்னரே வர்ணப்பெட்டி திறந்தது.

செய்முறையை விரும்புவோருக்காக இங்கே தருகின்றேன். ஒன்பது அங்குல அகலமுள்ள கடதாசித் தட்டு ஒன்று போதும். மெழுகு பூசிய மினுக்கமான தட்டில் நீர்வர்ணம் பிடிக்காது. ஆகையால் மினுக்கமில்லாததைத் தெரிந்துகொள்க. தட்டின் மேற்புறத்தில் மூன்றிலொரு பங்கு தலைத்துணிக்கு, எஞ்சியது முகத்துக்கு. முகத்துக்கு எந்த நிறமும் பூசலாம். அட்லாந்திக் கடற்கொள்ளைக் கப்பல்களில் ஆங்கிலேயர் மட்டுமல்லர், ஆபிரிக்கரும் இருந்தனர். வர்ணம் நன்கு உலர்ந்த பின்னரே மேல்வேலை தொடங்கவேண்டும்.

தலைத்துணிக்குச் சிவப்புக் கடதாசியின்மேல் தட்டை வைத்து, விளிம்பைச் சுற்றிக் கோடு கீறி வெட்டி ஒட்டுக. ஒரு பக்கத்தில் இலை வடிவான இரு துண்டுகளை ஒட்டினால் அது முடிச்சாகும். தாடிக்குக் கடையிற் போய்க் கம்பளி நூல் வாங்கவேண்டியதில்லை. நம் வீட்டுத் தென்னந்தும்பே போதும். பசையைத் தடிப்பாகத் தடவித் தும்பைச் சிறிது சிறிதாகப் பரப்பி அழுத்தினால், எந்த மாலுமிக்கும் வாய்க்காத தாடி கிடைக்கும். இனிப்புச் சுற்றிவந்த பொன்னிறத் தாள் காதணிக்கு உதவும். கண்மறைப்புக்கு இரண்டு அங்குல அகலமான கறுப்புத் துண்டும், அதைக் கட்ட ஒரு கறுப்பு நூலும் வேண்டும். முகமூடியாக அணிவதாயின் கண்ணுக்குத் துவாரம் வெட்டும் வேலையைப் பெரியவர் செய்யவேண்டும். அவர் தொடவேண்டியது அவ்வளவே.

கண்மறைப்பைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு சிறு சோதனை. வெளிச்சமான இடத்தில் ஒரு கண்ணை மட்டும் கால்மணி நேரம் மூடி வைத்திருங்கள். பின் இருட்டறைக்குட் சென்று இரு கண்களையும் மாறி மாறித் திறந்து பாருங்கள். மூடியிருந்த கண்ணுக்குப் பொருள்கள் தெரியும். மற்றதற்கு ஒன்றும் தெரியாது. கப்பலின் இருண்ட கீழ்த்தளத்துக்கு இறங்குவதற்காகவே கொள்ளைக்காரர் கண்ணை மறைத்தனர் என்று சிலர் கூறுவதுண்டு. சோதனை உண்மை; ஆனால் கொள்ளைக்காரர் அவ்வாறு செய்தனர் என்பதற்குச் சான்று இல்லை. ஸ்ரீவன்சனின் கதையில் வரும் ஒற்றைக்கால் சில்வருக்கும் ஊன்றுகோலும் தோளிற் கிளியும் உண்டேயன்றிக் கண்மறைப்பு இல்லை.

தும்பை ஒட்டிக்கொண்டிருந்த மகன் திடீரென, "அப்பா, இவன் நல்லவனோ, கெட்டவனோ?" என்று கேட்டான். கள்வரின் உருவத்தைப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்வது தகுமோ என்று ஐயுறும் பெற்றோர் பலர். என் எண்ணம் இதுதான்: கதையை விளையாட விடுவோம்; கேள்வி கேட்டால் உண்மையை மறைக்காதிருப்போம்.

ஆகவே நான் கறுப்புத்தாடி எனப்பட்ட எட்வேட் ரீச்சின் வரலாற்றைச் சொன்னேன். அவன் ஒரு பிரெஞ்சுக் கப்பலை 1717 இல் கைப்பற்றித் தனதாக்கிக்கொண்டான். அது ஆபிரிக்கரை அடிமைகளாக ஏற்றிச் சென்ற கப்பல். அம்மக்களுட் பெரும்பாலோர் பிரெஞ்சு மாலுமிகளிடமே விடப்பட்டனர். அடிமைகளாக விற்கப்படுவதே அவர்கள் விதியாயிற்று. மறுவருடம் அவன் அமெரிக்காவின் சார்ள்ஸ்ரன் துறைமுகத்தை மறித்து, ஆட்களைப் பணயமாகப் பிடித்துக்கொண்டு கேட்டது பொன்னன்று, மருந்துப்பெட்டி. 1718 நவம்பர் 22 ஆம் திகதி வட கரோலினாக் கரையருகே போரில் மடிந்தான். மூழ்கிய அவனுடைய கப்பல் 1996 இற் கண்டெடுக்கப்பட்டது. அதன் பீரங்கி ஒன்றினுள் அடைபட்டிருந்த 16 சிறு கடதாசித் துண்டுகள், 1712 இல் அச்சான ஒரு கடற்பயண நூலின் பகுதிகள் என்று 2018 இல் ஆய்வாளர் அறிவித்தனர். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கடலடியிற் கிடந்தும் அக்கடதாசி அழியவில்லை.

இன்னுமொன்றும் சொன்னேன். கடற்கொள்ளை பழங்கதையன்று. 2017 மார்ச் மாதத்தில் சோமாலியக் கரையோரமாக 'ஆரிஸ் 13' என்னும் எண்ணெய்க் கப்பல் கடத்தப்பட்டது. அதிலிருந்த மாலுமிகள் எட்டுப் பேரும் இலங்கையர். சில நாட்களில் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். ஆனால் அச்சில நாட்களும் அவர்களுடைய வீடுகளில் எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கச் சொன்னேன். மகன் தும்பைக் கையில் வைத்தபடியே பேசாதிருந்தான். பின், "அப்படியென்றால் என்னுடையவன் கெட்டவன்தான். ஆனால் மருந்துப்பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்" என்றான். கதைக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாடு அவனுக்கு விளங்கிவிட்டது என்று கண்டேன். அதற்குமேல் நான் போதிக்கவில்லை.

இப்போது எங்கள் சுவரில் இரண்டு முகங்கள் தொங்குகின்றன. முன்பு நான் 'திருத்தியதை' நானே கழற்றி வைத்துவிட்டேன். மகன் செய்தவனுக்குக் கண்மறைப்பு மறுபடியும் மூக்கின்மேல்தான் இருக்கிறது. அது மூக்கில் ஏற்பட்ட வாட்காயத்தை மறைப்பதற்காம். முதல் நாளே கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நான் செய்ததைப் பார்த்துவிட்டு, "உங்களுடையவனுக்குக் கிளி இல்லையே" என்று குறை கூறினான். பசையை அவனிடமே கொடுத்தேன். முகத்திலும் பெரிதான ஒரு பச்சைக்கிளி அங்கே இப்போது வீற்றிருக்கிறது.