வலிக்கவில்லையே என்று இருந்துவிடலாமா?

பாலக்கோட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 34. தக்காளித் தோட்டம், இரண்டு மாடு, இரண்டு பிள்ளைகள். சின்னவனுக்குத் தாய்ப்பால் நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. இடது மார்பில், அக்குளை ஒட்டினாற்போல், கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி. கையில் தட்டுப்பட்டு நாலு மாசமாச்சாம். "மாமியார், பால் கட்டிக்கிட்டதுன்னு சொல்றாங்க. வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பத்து போட்டேன். கரையலைங்க. ஆனா வலியே இல்லை, அதனால பயமில்லைன்னு இருக்கேன். வேற என்ன பத்து போடலாம்னு எழுதுங்க" என்று கேட்கிறார்.

அந்தச் சகோதரிக்கு, இதழ் வரும்வரை காத்திருக்காமல், தபாலிலேயே பதில் போட்டாயிற்று. பத்து எதுவும் வேண்டாம், இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள் என்று. ஆனால் அவர் எழுதியதில் ஒரு வார்த்தை இருக்கிறது பாருங்கள், 'வலியே இல்லை' என்பது, அதைப் பற்றி எல்லோருக்குமாக எழுதத் தோன்றியது.

நமக்கு எதற்கும் வலி வந்து கதவைத் தட்ட வேண்டும். பல் வலித்தால்தான் பல் டாக்டர், வயிறு வலித்தால்தான் பெரிய ஆஸ்பத்திரி. மார்பகப் புற்றுநோயில் இந்தக் கணக்கு செல்லாது. ஆரம்ப நிலையில் அந்தக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. சீழ் பிடித்த கட்டிபோல் அது சிவந்து, காய்ச்சல் வரவழைத்து, நம்மைப் படுக்கப் போடுவதில்லை. ஓசைப்படாமல் வளரும். மாதவிலக்குக்கு முந்தின வாரம் இரண்டு பக்கமும் கனத்து, தொட்டால் வலிக்கிறதே, அது பெரும்பாலும் மாதாந்திர மாற்றத்தால் வருவது. விலக்கு வந்ததும் அடங்கிவிடும். அதற்குப் பயந்து ஓடுகிறோம். வலிக்காத கட்டியை விட்டுவிடுகிறோம்! வலிக்கிற கட்டி என்றால் காட்ட வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. வலித்தாலும் வலிக்காவிட்டாலும், புதிதாக ஒரு கட்டி தட்டுப்பட்டால் காட்டத்தான் வேண்டும்.

உடனே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இருபது வயதுப் பெண்களுக்கு விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு ஓடுகிற உருண்டைக் கட்டி வருவதுண்டு. நாற்பதை ஒட்டி நீர்க்கட்டி வரும். இவை சாது. ஆனால் எது சாது, எது பொல்லாதது என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது, மாமியாராலும் முடியாது, பக்கத்து வீட்டு அக்காவாலும் முடியாது.

பால் கொடுக்கிற தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாவது நம் வீடுகளில் சகஜம். குழந்தைக்கு அடிக்கடி கொடுப்பதுதான் முதல் வைத்தியம். பயந்துகொண்டு நிறுத்தக் கூடாது. அழுத்திப் பிசையவும் வேண்டாம். காய்ச்சலும் சிவப்பும் சேர்ந்தால் கிருமி தொற்றியிருக்கிறது என்று அர்த்தம், அன்றே டாக்டரிடம் போக வேண்டும். பால் கட்டு என்றால் ஓரிரு நாளில் இளகும். இரண்டு வாரமாகியும் அதே இடத்தில் அதே கட்டி நிற்கிறதென்றால் அதைப் பால் கட்டு என்று சொல்லிக்கொண்டு இருக்கக் கூடாது. பால் மறந்து ஒரு வருஷம் ஆன பிறகு வந்த கட்டியைச் சொல்லவே வேண்டியதில்லை. கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும்போதும் புற்றுநோய் வருவது அபூர்வம்தான், ஆனால் வரவே வராது என்பதில்லை. பால் கொடுப்பதில் ஒரு நன்மையும் இருக்கிறது. முப்பது நாடுகளின் ஆராய்ச்சிகளைத் திரட்டி 2002-ல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு பெண் தன் வாழ்நாளில் தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 4 பங்கு குறைகிறது.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் இதற்குத்தான். 2022-ல் மட்டும் நம் நாட்டில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக வந்தது என்றும், 98 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்றும் உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. மேல்நாட்டுப் பெண்களைவிட நம் பெண்களுக்குச் சுமார் பத்து வருஷம் முன்னதாகவே வந்துவிடுகிறது. அங்கே அறுபதை ஒட்டி வருவது இங்கே ஐம்பதை ஒட்டியும், அதற்கு முன்பும் வருகிறது. நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் நம்மில் பாதிக்கும் மேல். ஏன் என்று கேட்டால், வலிக்கவில்லை, கூச்சம், அறுவடை முடியட்டும், பெண்ணுக்குக் கல்யாணம் முடியட்டும்... முடியட்டும், முடியட்டும் என்று ஒரு வருஷம் போய்விடுகிறது.

கூச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். கட்டின புருஷனிடம்கூட வாய் திறக்காதவர்கள் எத்தனை பேர்! ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைப் பார்ப்பது பெரும்பாலும் நர்ஸம்மாதான், திரை மறைவில்தான். நம் மாநிலத்தில் 2007-ல் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை முதலில் நடத்திப் பார்த்தார்கள். 2012-லிருந்து மற்ற மாவட்டங்களுக்கும் அது வந்தபோது மார்பகப் பரிசோதனையும் கூடவே வந்தது. முப்பது வயதைத் தாண்டிய எந்தப் பெண்ணும் போகலாம், காசு கிடையாது. ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்கப் போகிற அன்றே "மார்பையும் பார்த்துவிடுங்கள் சிஸ்டர்" என்று நாமாகக் கேட்க வேண்டும். கூட்டம் அதிகமுள்ள நாளில் அவர்களுக்கு மறந்துபோகும். 2004 வரை நம் தர்மபுரி மாவட்டமாகவே இருந்த கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி என்ற கிராமத்தில்தான் 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சர்க்கரை பார்க்க வாசலுக்கே வருகிற அந்தப் பெண் நம் ஊர்ப் பெண்தான். அவளிடம் காதோடு சொன்னால்கூட எங்கே, எந்தக் கிழமை போகலாம் என்று சொல்லிவிடுவாள்.

நர்ஸ் கையால் தடவிப் பார்த்து என்ன தெரிந்துவிடப் போகிறது என்று படித்த பெண்களே கேட்கிறார்கள். மும்பையில் டாடா ஆஸ்பத்திரிக்காரர்கள் 1998-ல் தொடங்கி இருபது வருஷம் இதைச் சோதித்தார்கள். குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள ஒன்றரை லட்சம் பெண்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் பயிற்சி பெற்ற சுகாதாரப் பெண்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். எக்ஸ்ரே இல்லை, மெஷின் இல்லை. 2021-ல் முடிவு வெளிவந்தது. பரிசோதித்த பிரிவில் நோய் முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் இந்த நோயால் இறப்பது ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே சாவு குறைந்ததாகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் இளவயதுப் பெண்கள், பரிசோதனைக்குப் போன வருஷம் போய்வந்தோமே என்று நிம்மதியாக இராமல், மாற்றம் கண்ட அன்றே போக வேண்டும்.

இதற்கு நேர்மாறாக இன்னொன்றும் உண்டு. சீனாவில் ஷாங்காய் நகரத்து நெசவாலைகளில் 2 லட்சத்து 66 ஆயிரம் பெண்களை வைத்து, தானே தடவிப் பார்த்துக்கொள்ளும் முறையைச் சோதித்தார்கள். அதை மட்டும் கற்றுக்கொடுத்ததால் சாவு குறையவில்லை என்று 2002-ல் தெரிந்தது. ஆகவே மாதாமாதம் பரீட்சை எழுதுவதுபோல் பயந்து பயந்து தேட வேண்டாம். ஆனால் நம் உடம்பு சாதாரணமாக எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்தால்தானே புதிதாக வந்ததைச் சொல்ல முடியும்? பாலக்கோட்டுச் சகோதரி கண்டுபிடித்ததும் குளிக்கும்போதுதான்.

மாதவிலக்கு முடிந்து சில நாளில், கனமும் வலியும் இல்லாத சமயத்தில் பாருங்கள். விலக்கு நின்றவர்கள் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். பௌர்ணமி என்று வைத்துக்கொண்டால் மறக்காது. கண்ணாடி முன் நின்று கையை இடுப்பில் வைத்து ஒரு முறை, தலைக்கு மேல் தூக்கி ஒரு முறை பாருங்கள். தோல் எங்கேயாவது குழிந்திருக்கிறதா, ஆரஞ்சுத் தோல் மாதிரி தடித்திருக்கிறதா, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறதா என்று. பிறந்ததிலிருந்தே உள்வாங்கிய காம்பு என்றால் கவலை வேண்டாம். பிறகு மல்லாந்து படுத்து, அந்தப் பக்கத் தோளுக்கடியில் ஒரு தலையணை வைத்துக்கொண்டு, எதிர்க் கையின் நடு மூன்று விரல்களின் சதைப் பகுதியால் சின்னச் சின்ன வட்டமாகத் தடவுங்கள். காரை எலும்பிலிருந்து மார்பின் அடி வரை, நடு நெஞ்சிலிருந்து அக்குள் வரை. அக்குளை விட்டுவிடாதீர்கள், பலர் விடுவது அதைத்தான். விரலால் கிள்ளிப் பிடித்துப் பார்த்தால் எல்லாமே கட்டியாகத்தான் தெரியும்! காம்பிலிருந்து ரத்தம் கலந்த நீர், காம்பில் ஆறாத சொறி, இவையும் காட்ட வேண்டியவை. அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இந்த நோய் வந்திருந்தால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உங்களுக்கு எந்த வயதில் மேமோகிராம் என்ற எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

ஊசி குத்தி எடுத்துச் சோதித்தால் நோய் பரவிவிடும் என்று ஒரு பயம் ஊரெங்கும் இருக்கிறது. அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. ஊசிப் பரிசோதனை இல்லாமல் என்ன நோய் என்றும் தெரியாது, எந்த மருந்து கேட்கும் என்றும் தெரியாது.

'கேன்சர் என்றால் சாவு' என்பது ஒரு காலத்தில் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-ல் புற்றுநோயால் இறந்தபோது நம் பக்கத்தில் அதற்கென்று ஓர் ஆஸ்பத்திரி கிடையாது. அந்தத் துக்கத்தை முப்பது வருஷம் மனசில் வைத்திருந்து, பெண்கள் சங்கத்தை வைத்துப் பணம் திரட்டி, 1954-ல் அடையாறில் பன்னிரண்டு படுக்கைகளோடு ஆஸ்பத்திரியைத் திறந்தார் அந்த அம்மாள். அடுத்த வருஷம் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் கண்மூடும் வரை அங்கேயே இருந்தார். இன்று ஆரம்பத்திலேயே காட்டினால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். கட்டி சின்னதாக இருந்தால் மார்பை முழுசாக எடுக்காமலே சிகிச்சை செய்வதும் உண்டு. நம் மாவட்டத்துக்காரர்கள் முதலில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டலாம். மேற்கொண்டு எங்கே போக வேண்டும் என்று அவர்களே எழுதிக்கொடுப்பார்கள். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு, அதில் புற்றுநோய் சிகிச்சையும் அடக்கம். அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் கேட்கலாம். 104-க்குப் போன் செய்தாலும் விவரம் சொல்வார்கள்.

சரி, வராமல் தடுக்க என்ன செய்யலாம்? முழுசாகத் தடுக்க ஒன்றுமில்லை. கேழ்வரகுக் களி தின்றால் வராது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுக் களியைச் சாப்பிடுங்கள், களி நல்லதுதான். குறைக்க முடிந்தவற்றில் முக்கியமானது, விலக்கு நின்ற பிறகு போடும் சதை. சூல்பை ஓய்ந்த பிறகு பெண்மைச் சுரப்பை உடம்புக் கொழுப்பே தயாரிக்கிறது. கொழுப்பு கூடினால் அந்தச் சுரப்பும் கூடும், அது மார்பகத்தைத் தூண்டும். உடற்பயிற்சி இந்த இடத்தில் உதவுகிறது. வாரத்துக்கு 150 நிமிஷம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரைமணி, ஐந்து நாள்.

"நாங்க வேலை செய்யாமலா இருக்கோம்?" என்று அரூர்ப் பக்கத்திலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் கோபமாக எழுதுவீர்கள், தெரியும். களை எடுத்து, புல்லுக்கட்டு சுமந்து, தண்ணீர் தூக்குகிறவர்களுக்குத் தனியாக உடற்பயிற்சி சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் பருப்பும் முட்டையும். நான் சொல்வது டவுனில், மிக்ஸியும் வாஷிங் மெஷினும் வைத்துக்கொண்டு நாளெல்லாம் 'வேலை' என்று நிற்கிற நமக்கு. அடுப்படியில் நிற்பது நடை ஆகாது. வீதியில் இறங்கி வேகமாக நடக்க வேண்டும். எவ்வளவு வேகம்? கூட வருகிறவளோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கும் பயிற்சி உண்டு. அறுவை செய்த பக்கத்துக் கையை அசைக்காமல் மடியிலேயே வைத்திருந்தால் தோள் இறுகி, பிறகு தலை வாரக்கூட முடியாது. டாக்டர் அனுமதித்ததும், சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் எறும்பு ஊர்வதுபோல் மெல்ல மேலே ஏறுங்கள். எட்டின இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மறுநாள் அந்தக் கோட்டுக்கு மேலே ஓர் அங்குலம் போனால் போதும். கை வீங்கினால் மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையை எப்படிச் செய்கிறார்கள், வலிக்குமா என்று நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். அது அடுத்த இதழில்.