அரைக்கும் கை யாருடையது?

தங்கவயல் என்றதும் பிறருக்குத் தங்கம் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது கேழ்வரகுக் களி. நண்பர்கள் நகைக்க வேண்டாம். தங்கத்தைத் தோண்டியவர்கள் தங்கத்தைத் தின்று வாழவில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்து, லயன் வீடுகளில் குடியேறிய நம் முன்னோரின் உடலுக்கு உரமேற்றியது களிதான். களிக்கு மாவு வேண்டும். மாவுக்குத் தானியத்தை அரைக்க வேண்டும். அரைத்தது யார்? இன்று அரைக்க வேண்டியவர் யார்? இவ்விரு கேள்விகளைப் பற்றியே சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பி வழியே கொண்டுவந்து கோலார் தங்கச் சுரங்கங்களுக்குக் கொடுத்தார்கள். பெங்களூர் நகருக்கே மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகு 1905இல்தான்! மண்ணுக்கடியிலிருந்து வந்த பாறையைத் தூளாக்க ஆலைகள் ஓயாமல் இடித்தன. பாறை தூளானால்தானே பொன் பிரியும்? ஆனால் அந்தப் பாறையை வெட்டியவனின் சோற்றுக்கான தானியத்தை அரைக்க எந்த ஆலையும் அவன் வீட்டுக்குள் வரவில்லை. பாறையை அரைக்கக் காவிரி. கேழ்வரகை அரைக்கப் பெண்ணின் தோள். இதுதான் அந்நாளைய ஏற்பாடு.

என் பாட்டி திருகையை ‘எந்திரம்’ என்றுதான் சொல்வார். அடிக்கல் ஒன்று, மேற்கல் ஒன்று, மேற்கல்லில் ஒரு குழி, ஒரு மரப்பிடி. ஒரு கை தானியத்தை இட, மறு கை கல்லைச் சுற்ற வேண்டும். தாத்தா காலை ஷிப்டுக்குப் போகும் நாளில் பாட்டி கோழி கூவுமுன் எந்திரத்தின் முன் உட்கார்ந்துவிடுவாராம். முதுமையில் வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் அவர் துன்புற்றதை நான் கண்டிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பின்புறம் அந்தக் கல் இன்னும் கிடக்கிறது. அதைப் பார்த்து, ‘ஆகா, அந்தக் காலத்துச் சத்தான உணவு!’ என்று பெருமூச்சு விடும் நண்பர்களைக் கண்டால் எனக்குச் சினம் வருகிறது. சத்து நமக்கு, தோள்வலி அவருக்கு!

பிறகு மிக்ஸி வந்தது. மேலை நாட்டுக் கலவைக் கருவிகள் பழத்தையும் பாலையும் கலக்கச் செய்யப்பட்டவை. நம் நாட்டு மஞ்சளையும் மிளகாயையும் தானியத்தையும் போட்டால் அவற்றின் மோட்டார் தாங்காது. 1960களில் எஸ். பி. மாத்தூர் என்னும் பொறியாளர், வீட்டில் தம் மனைவி மாதுரி பயன்படுத்திய வெளிநாட்டுக் கருவி பழுதானதைக் கண்டு, நம் சமையலுக்கு ஏற்ற வலுவான மோட்டாருடன் ஒரு கருவியை உருவாக்கினார். அதுவே ‘சுமீத்’ மிக்ஸி. அடுக்களையில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த இடையூறு ஒரு தொழிலையே தோற்றுவித்தது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பௌதிகம் படிப்பவன் என்ற உரிமையில் ஒரு சிறு கணக்குப் போட்டேன். சுமையில்லாமல் ஓடும்போது அலகு நிமிடத்துக்கு 18,000 முறை சுற்றுவதாகவும், நுனிக்கு நுனி 8 சென்டிமீட்டர் இருப்பதாகவும் கொள்வோம். அப்படியானால் அதன் நுனி மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் நம் ரயிலுக்கு இந்த வேகம் இருந்தால் அரைமணிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்! திருகை தானியத்தை அழுத்தித் தேய்க்கிறது. மிக்ஸியோ அடித்து உடைக்கிறது. அடியின் பயன் ஒரே சீராக இராது. ஒரு மணி பொடியாகும்; பக்கத்து மணி நொய்யாக நிற்கும். ஆகவே அரைத்ததைச் சலித்து, சல்லடையில் தங்கியதை மீண்டும் அரைக்க வேண்டும். அந்த நொய்யைக் கொட்டிவிடக் கூடாது. கேழ்வரகின் சத்தில் பெரும்பங்கு அதன் தோலோடு சேர்ந்தது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அது மிகக் குறைவு.

இவ்வளவு எழுதும் நான் முதன்முதலில் என்ன செய்தேன் தெரியுமா? ஜார் நிறையக் கேழ்வரகைக் கொட்டி, மூன்று நிமிடம் விடாமல் ஓட விட்டேன். ஒரு தீய்ந்த வாடை, பிறகு அமைதி. அம்மா வந்து மிக்ஸியைத் திருப்பி, அடியிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, “எம்.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைக்கு இதுகூடத் தெரியலையே!” என்றார். மாவு கையைச் சுட்டது. ஏன் சுட்டது என்று அன்றிரவுதான் கணக்கிட்டேன். 500 வாட் மோட்டார் ஒரு நிமிடத்தில் 30,000 ஜூல் ஆற்றலை வாங்குகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு மாவில் இறங்கினாலும் 200 கிராம் மாவின் வெப்பம் ஏறக்குறைய 30 டிகிரி உயர்ந்துவிடும். அம்மா அனுபவத்தால் அறிந்ததை நான் சமன்பாட்டால் அறிந்தேன். இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே!

ஆகவே முறை இதுதான். தானியத்தைப் புடைத்துக் கல் நீக்கிக் கழுவி, நன்றாக வெயிலில் காய வைக்க வேண்டும். ஈரமிருந்தால் மாவு ஜாரின் அடியில் அப்பிக்கொள்ளும். ஜாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடலாகாது. இருபது நொடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி ஓட்ட வேண்டும். மோட்டாருக்கு இடையிடையே ஓய்வு வேண்டும். அரைத்த மாவைத் தாளில் பரப்பி ஆறவிட்ட பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும்.

‘மாவு மில் இருக்க இந்தப் பாடு எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஐந்து கிலோ கோதுமையை மிக்ஸியில் அரைக்கச் சொல்ல நான் பித்தனல்லன். அதற்கு மில்லே தக்கது. சப்பாத்திக்கு வேண்டிய நைசும் அங்கேதான் வரும். ஆனால் தனி அறையில் தங்கிப் படிக்கும் இருவருக்கு வாரத்துக்கு வேண்டியது அரைக்கிலோ. அதற்காக மில்லுக்குப் போனால், முன்னவர் அரைத்த மிளகாயின் காரம் நம் களியில் வந்து சேரும்! கடையில் விற்கும் மாவோ எப்போது அரைத்தது, எவ்வளவு சலித்தது என்பதை நாம் அறியோம். கம்பில் கொழுப்பு மிகுதி; அரைத்த சில நாட்களிலேயே மாவு கசக்கத் தொடங்கும். வேண்டும்போது வேண்டிய அளவு அரைப்பதே அதற்கு ஏற்றது. அந்த வசதியை மிக்ஸி தருகிறது.

இனி என் முதன்மையான கருத்துக்கு வருகிறேன். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அன்று முதல் எங்கள் ஊர் பெங்களூருக்கு ரயிலேறிப் போய்ப் பிழைக்கும் ஊராயிற்று. ஆண்களோடு பெண்களும் விடியுமுன் ரயிலேறுகிறார்கள். இருட்டிய பின் திரும்புகிறார்கள். என் அம்மாவும் அப்படித்தான். சுரங்கம் போயிற்று, ஷிப்டு போயிற்று, எந்திரக்கல் போயிற்று. ஆனால் ஒன்று மட்டும் போகவில்லை. இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பெண்தான் மறுநாள் மாவையும் அரைக்க வேண்டும் என்னும் வழக்கம் போகவில்லை. மின்சாரம் அவள் தோளிலிருந்து கல்லை இறக்கியது. கடமையையோ அங்கேயே விட்டுவிட்டது.

திருகை சுற்ற வலுவும் பழக்கமும் வேண்டும் என்று நம் தாத்தாக்கள் சாக்குச் சொல்லியிருக்கலாம். பொத்தானை அழுத்த என்ன பழக்கம் வேண்டும்? ஆய்வுக் கூடத்தில் மில்லிகிராம் வரை நிறுக்கத் தெரிந்த நமக்கு அரைக்கிலோ கேழ்வரகைச் சலிக்கத் தெரியாதா? சென்ற விடுமுறையிலிருந்து, ஊருக்குப் போகும் ஞாயிறெல்லாம் எங்கள் வீட்டு மாவை நான் அரைக்கிறேன். முதல் வாரம் பக்கத்து வீட்டு அத்தை சன்னல் வழியே பார்த்துச் சிரித்தார். மூன்றாம் வாரம், “அந்தச் சல்லடையைக் கொஞ்சம் கொடுப்பா, எங்க பையனும் அரைக்கிறேன்னு நிக்கிறான்” என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஞாயிறு பகல் சிறிது நேரம் கண்ணயர்ந்தார். அவர் பகலில் உறங்கி நான் பார்த்தது அதுவே முதல் முறை.

நண்பர்களே, சமத்துவம் பற்றி நம் மன்றத்தில் எத்தனையோ சொற்பொழிவுகள் கேட்டுவிட்டோம், கைதட்டியும் விட்டோம். தட்டிய கை ஒருநாள் மாவும் சலிக்கட்டும். அடுத்த விடுமுறைக்கு ஊர் போகும்போது உங்கள் வீட்டு மிக்ஸியை நீங்களே எடுத்து வையுங்கள். ஜாரை மட்டும் நிறைத்துவிடாதீர்கள்!