கைவைத்துப் பார்த்தால் போதுமா?

கம்ப்யூட்டர் விளையாட்டில் படம் விட்டுவிட்டு ஓடினால் பலரும் உடனே சொல்வது, "கிராபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்பதுதான். விசாரணையே இல்லாமல் வழங்கும் தீர்ப்பு இது. வீட்டுக்குப் பல ஆயிரம் ரூபாய் செலவு வைக்கும் தீர்ப்பும்கூட. முதலில் அளந்து பார்ப்பதுதானே அறிவியல்?

இந்தக் கார்டின் வேலையைக் கணக்கிடுவோம். 1920 x 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உண்டு. விநாடிக்கு 60 படங்கள் என்றால், ஒவ்வொரு விநாடியும் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தை அது தீர்மானிக்க வேண்டும். இதற்கு 150 வாட் மின்சாரம் செலவானால், ஏறக்குறைய அவ்வளவும் வெப்பமாகவே வெளிவரும். ஒரு பெட்டிக்குள் இரண்டு 75 வாட் குண்டு பல்புகள் எரிவதற்கு இது சமம்!

இந்த வெப்பம் அறைக் காற்றில்தான் கலக்க வேண்டும். அதனால் ஊரின் வெயிலும் கணக்கில் சேருகிறது. உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் காற்றின் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். தேனியைவிட மேகமலை சுமார் 1200 மீட்டர் உயரம். தேனியில் அறை வெப்பம் 36 டிகிரியாக இருக்கும் நேரத்தில் மேகமலையில் 28 டிகிரி இருக்கலாம். அதே விளையாட்டில், அதே கார்டு தேனியில் 80 டிகிரி காட்டினால் மேகமலையில் சுமார் 72 டிகிரிதான் காட்டும். கார்டில் எந்தக் கோளாறும் இல்லை. மாறியது காற்று மட்டுமே.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்து மோட்டார் அறையை எட்டிப் பாருங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆம்பியர் மீட்டர் இருக்கும். மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் ரிலே இணைப்பைத் துண்டித்துவிடும். விவசாயிக்கு உடனே விஷயம் தெரிந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு அப்படியல்ல. பெரும்பாலான கார்டுகளில் 80 அல்லது 90 டிகிரியை ஒட்டி ஒரு வரம்பு உண்டு. அதைத் தொட்டதும் கார்டு தன் கடிகார வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொள்ளும். நமக்குத் தெரிவதெல்லாம் படம் தடுமாறுவது மட்டுமே.

"கார்டுதான் தன்னைக் காத்துக்கொள்கிறதே, நாம் ஏன் கவனிக்க வேண்டும்?" என்று கேட்கலாம். அது தன்னைக் காத்துக்கொள்ளும். உங்கள் பணத்தைக் காக்காது. கைவைத்துப் பார்த்தும் பயனில்லை. கைக்குச் சூடு தெரியும், காரணம் தெரியாது.

எண்களைச் சேர்த்துப் படித்தால் காரணம் தெரியும். வெப்பம் ஏற ஏறக் கடிகார வேகமும் விநாடிக்கான படங்களும் சேர்ந்து குறைந்தால், வெப்பமே குற்றவாளி. வெப்பம் குறைவாக இருந்து, கார்டு பாதி வேலைதான் செய்கிறது என்றால் குறை வேறிடத்தில். மையச் செயலி பின்தங்கியிருக்கலாம். சராசரியை மட்டும் நம்பாதீர்கள். விநாடிக்கு 60 படங்கள் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவிநாடி. இடையில் ஒரு படம் 50 மில்லிவிநாடி எடுத்தால் கண்ணுக்குத் தடுமாற்றம் தெரியும். சராசரி அதிகம் அசையாது.

கார்டின் வெப்பத்தை விண்டோஸின் டாஸ்க் மேனேஜரே காட்டும். மற்ற எண்களையும் காட்ட எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள்கள் உண்டு. ஒரே விளையாட்டை, ஒரே கட்டத்தில், இருபது நிமிடம் ஓட்டி, அறை வெப்பத்துடன் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, மின்இணைப்பை எடுத்துவிட்டு விசிறியின் தூசியைத் துடையுங்கள், மீண்டும் அளவெடுங்கள். அடுத்து, பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், மீண்டும் அளவெடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாகச் செய்தால் பலன் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

75 டிகிரியைக் கண்டதும் பதற வேண்டாம். விளையாடும் நேரம் முழுவதும் எண்ணையே வெறித்துப் பார்க்கவும் வேண்டாம். ஒரு வாரக் குறிப்பு கையில் இருந்தால் போதும். அதற்குப் பிறகும் புதிய கார்டுதான் தேவை என்று தெரிந்தால், பெற்றோரிடம் அந்தக் குறிப்பேட்டைக் காட்டியே கேட்கலாம்!