எந்தப் பெட்டி நல்லது என்று கேட்பவர்களுக்கு

வானொலிப் பெட்டி திருத்துவதில் ஆரம்பித்து, தொலைக்காட்சி, கணினி என்று காலம் இழுத்த பக்கமெல்லாம் போய், இன்று பிள்ளைகளின் கேம் பெட்டிகளையும் திறந்து தூசி தட்ட வேண்டிய நிலைக்கு வந்து சேர்ந்திருக்கிறேன் என்பதைத் தவிர, இந்த விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல எனக்கு வேறு யோக்கியதை எதுவும் இல்லை. ஆனாலும் ஒரே கிழமைக்குள் முழங்காவிலிலிருந்து ஒரு மாணவனும், மல்லாவியிலிருந்து ஒரு தகப்பனும், வவுனியாவிலிருந்து ஓர் ஆசிரியையும் கிளிநொச்சியிலுள்ள என் கடைமேசைக்கு முன்னால் வந்து நின்று, சொல்லிவைத்தாற்போல “எந்தக் கேம் பெட்டி நல்லது?” என்று கேட்டபோது, மூவருக்கும் தனித்தனியே சொன்ன பதிலை ஒருமுறை எழுதியே வைத்துவிடலாமே என்று தோன்றிற்று.

நல்லது என்ற சொல்லுக்கு ஊருக்கு ஊர் அர்த்தம் வேறு. லண்டனிலும் டோக்கியோவிலும் அச்சாகும் சஞ்சிகைகள் இதே கேள்விக்குப் பதில் சொல்லும்போது, படத்தின் துல்லியம், யந்திரத்தின் வேகம், எந்தக் கொம்பனியிடம் எந்த விளையாட்டு உண்டு என்பவற்றையெல்லாம் நுணுக்கமாக நிறுத்துத் தீர்ப்பு வழங்குகின்றன. செருகினால் கரன்ட் வரும், தட்டினால் இணையம் வரும், பழுதானால் கொம்பனி பொறுப்பெடுக்கும் என்பவை அவர்களுடைய தராசில் ஏறாதவை. ஏறவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. நமக்கோ நிறுவையே அங்கேதான் ஆரம்பமாகிறது.

1990க்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் மின்கம்பிகள் வெறுங்கம்பிகளாகித் தொங்கி, பொருளாதாரத் தடையினால் டோர்ச் பற்றரிகூட வவுனியாவைத் தாண்டி வடக்கே வரமுடியாதிருந்த வருஷங்களில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் செய்தி கேட்டவர்கள் நாங்கள். சுற்றுகிறவன் கை ஓய்ந்தால் செய்தி வாசிக்கிறவர் குரலும் கம்மிப் படுத்துவிடும்; முக்கியமான செய்தி என்றால் இரண்டாவது ஆள் ஒருவர் பக்கத்தில் தயாராக நிற்பார். 1994 டிசம்பர் 3ஆம் திகதி சோனி நிறுவனம் தன் முதலாவது பிளேஸ்டேஷனை ஜப்பானில் விற்பனைக்கு விட்டபோது, நாங்கள் இந்த டைனமோவைத்தான் சுற்றிக்கொண்டிருந்தோம். பின்னாளில், 2022 மார்ச் முடிவில், நாடு முழுவதும் நாளொன்றுக்குப் 13 மணித்தியால மின்வெட்டு என்று அறிவிக்கப்பட்டுக் கொழும்பு திகைத்து நின்றபோது, என் கடைக்கு விளக்குத்திரி கேட்டு வந்த ஒரு கிழவி, “மிச்சம் 11 மணித்தியாலம் கரன்ட் நிக்குமோ தம்பி?” என்று ஆச்சரியத்தோடு கேட்டார்.

ஆகவே என் முதல் எதிர்க்கேள்வி கரன்ட்டைப் பற்றியது. பிளேஸ்டேஷன் 5 கனமான ஒரு விளையாட்டை ஓட்டும்போது ஏறக்குறைய 200 வாட் இழுக்கும். அதற்கு மேல் தொலைக்காட்சியின் செலவு வேறு. நின்டெண்டோ ஸ்விட்ச் என்பது கையில் ஏந்தி விளையாடும் பெட்டி. உள்ளே பற்றரி இருப்பதால், கரன்ட் போனாலும் மாதிரிக்கும் விளையாட்டுக்கும் தக்கபடி இரண்டரை மணித்தியாலத்திலிருந்து ஒன்பது மணித்தியாலம் வரை தாக்குப்பிடிக்கும். ஐப்பசி மழைக்கு முன் பின்னேரங்களில் இடி குமுறும் நாட்களில் எந்தப் பெட்டியானாலும், சுவிட்சை அணைத்தது போதும் என்று இருந்துவிடாமல், முள்ளையே சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். தொலைக்காட்சி அன்ரெனாவின் வயரையும் சேர்த்துத்தான். ஒவ்வொரு கார்த்திகையிலும் என் மேசைக்கு வரும் பிரேதங்களில் பாதி, இந்த ஒரு காரியத்தைச் செய்யாததால் வந்தவை.

என் கையால் நானே எரித்த பெட்டி ஒன்றைப் பற்றியும் இங்கே சொல்லத்தான் வேண்டும். 2002இல் யுத்தநிறுத்தம் கைச்சாத்தாகி, ஏ-9 வீதி திறந்து, பதினைந்து வருஷம் முகம் காணாத சொந்தங்கள் சூட்கேசுகளோடு வந்து இறங்கிய காலம் அது. கனடாவிலிருந்து வந்த மைத்துனர் முறையான ஒருவர், தன் மகன் விளையாடி அலுத்த கேம் பெட்டி ஒன்றை எங்கள் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்தார். ஜெனறேற்றரை இழுத்து ஸ்ரார்ட் செய்து, ஒழுங்கை முழுவதிலுமிருந்து கூடிய சிறுவர்கள் மூச்சடக்கிப் பார்த்திருக்க, இந்த விஷயத்தில் ஊரிலேயே பெரிய நிபுணன் என்று பெயரெடுத்த நான், முள்ளைச் செருகினேன். ‘டப்’ என்று ஒரு சத்தமும், வெங்காயம் கருகினாற்போல ஒரு மணமும் வந்தன, அவ்வளவுதான். பெட்டியின் முதுகிலே 120 வோல்ற் என்று கொட்டை எழுத்தில் பொறித்திருந்தது. நம்முடைய கரன்ட் 230. வட அமெரிக்காவில் விற்ற அந்தக் காலத்துப் பெட்டிகள் பல அந்த ஊர் மின்சாரத்துக்கு மட்டுமே செய்யப்பட்டவை என்பதும், இடையிலே ஒரு மின்மாற்றி வைத்திருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாத விஷயங்களல்ல. பார்க்கவில்லை, அதுதான் வாஸ்தவம்.

இன்றைய பெட்டிகளில் அந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிட்டது. பிளேஸ்டேஷன் 5, 100இலிருந்து 240 வோல்ற் வரை எதையும் ஏற்கும். லண்டன் சித்தப்பா அனுப்பும் பெட்டியின் சதுர முள், இப்போது நம் வீடுகளில் பூட்டும் 13 அம்பியர் துவாரத்தில் அப்படியே பொருந்தும். கனடா மாமா அனுப்பினால் வயரை மட்டும் மாற்றினால் போதும். ஆனாலும் பழைய பெட்டி எதுவும் கையில் கிடைத்தால், முதலில் அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள்.

இரண்டாவது எதிர்க்கேள்வி: பெட்டி வாங்கப்போகிறீர்களே, விளையாட்டை யாரிடம் இரவல் வாங்குவீர்கள்? இதைக் கேட்டதும் மல்லாவித் தகப்பனார் சிரித்துவிட்டார். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெரிய விளையாட்டுகள் இன்று 100 ஜிகாபைட்டைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகின்றன. வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் வரும் ஓர் இணைப்பில், நடுவிலே ஒருமுறைகூட அறாமல் வந்தால், 100 ஜிகாபைட் வந்து சேர ஏறக்குறைய 22 மணித்தியாலம் செல்லும். நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் இரவுநேர டேட்டாவை நம்பி, பிள்ளை அலாரம் வைத்து எழும்பித் தரவிறக்கத்தைத் தொடக்கிவிட்டுப் படுத்து, விடியப் பள்ளிக்கூடத்தில் தூங்கிவிழுகிற வீடுகளை நான் அறிவேன். 2025 ஜூலையிலிருந்து ஸ்டார்லிங்க் செய்மதி இணையம் நாட்டுக்கு வந்திருக்கிறது என்பது உண்மைதான். அதற்கு மாதம் மாதம் கட்டக்கூடியவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்டு வருவதில்லை.

டிஸ்க்கில் வரும் விளையாட்டு வேறு ஜாதி. அதை விளையாடி முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம், ஒழுங்கையில் நான்கு வீடுகள் சேர்ந்து ஆளுக்கொன்று வாங்கினால் ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு விளையாட்டு. புத்தகத்தை இரவல் வாங்கியே படித்து ஆளான ஒரு சமூகத்துக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கொம்பனிகளோ இந்த இரவலை மெல்ல மெல்ல ஒழித்துக்கொண்டு வருகின்றன என்பதே என் பெரிய மனத்தாங்கல். பிளேஸ்டேஷன் 5 ப்ரோ டிஸ்க் போடும் வாயே இல்லாமல் வருகிறது. வாயைத் தனியாக வாங்கிப் பூட்டலாம், ஆனால் பூட்டும்போது ஒருமுறை இணையத்தில் அனுமதி பெறவேண்டும். 2025 ஜூன் 5ஆம் திகதி வெளிவந்த ஸ்விட்ச் 2இன் சில அட்டைகளுக்குள் விளையாட்டே கிடையாது. இணையத்திலிருந்து இறக்கிக்கொள்வதற்கான திறப்பு மட்டுமே இருக்கிறது. அரிசி மூட்டை என்று சுமந்துகொண்டு வந்து அவிழ்த்துப் பார்த்தால், உள்ளே களஞ்சியச் சாவி ஒன்று கிடக்கிறாற்போல! அட்டையின் உறையில் அதை அச்சடித்துத்தான் இருக்கிறார்கள். வாங்கும் அவசரத்தில் நாம்தான் வாசிப்பதில்லை.

பெட்டியைத் தொடக்கும்போது “உங்கள் நாடு எது?” என்று அது கேட்கிறதே, என்ன போடுவது என்பது முழங்காவில் மாணவனின் சந்தேகம். அவன் பட்டியலை மேலும் கீழும் மூன்றுமுறை தேடியிருக்கிறான். சோனியின் இணைய அங்காடி சேவை செய்யும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. இங்குள்ளவர்கள் அமெரிக்கா என்றோ இங்கிலாந்து என்றோ போட்டுக்கொள்கிறார்கள். விதிப்படி அது பொய்யான பிரகடனம். 2024 மே மாதம் ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டைக் கணினியில் விளையாடுவோரும் சோனிக் கணக்கு ஒன்றை இணைக்கவேண்டும் என்று கட்டளை பிறந்தபோது, அந்தச் சேவை இல்லாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் விற்பனை நிறுத்தப்பட்டது. உலகமெங்கும் எழுந்த கூச்சலில் கட்டளை சில நாட்களிலேயே வாபஸானது. காசு கொடுத்து வாங்க ஆயத்தமாக இருக்கிறவனை, விலாசத்தைப் பொய்யாகச் சொன்னால்தான் விற்பேன் என்று நிற்பாட்டுவது என்ன வியாபார தர்மமோ, எனக்கு விளங்கவில்லை. மாணவனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: ஒருமுறை போட்ட நாட்டைப் பிறகு மாற்றமுடியாது, அன்பளிப்புக் கார்ட் வாங்கினால் அதே நாட்டுக் கார்ட்டே செல்லும், ஆகையால் எந்த ஊர்ச் சொந்தக்காரர் கார்ட் வாங்கி அனுப்புவார் என்று முதலில் நிச்சயித்துக்கொள்.

விலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பொறுத்திருந்தால் மலியும் என்பது இந்த வியாபாரத்தின் பழைய விதி. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் 299 டொலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009இல் 99 டொலருக்கு இறங்கிற்று. அந்த விதி செத்துவிட்டது. 2020இல் 499 டொலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 5, ஐந்து வருஷம் கழித்து, 2025 ஆகஸ்டில், அதே அமெரிக்காவில் 549ஐத் தாண்டிற்று. நமக்கோ அதன்மேல் 2022இல் சரிந்த ரூபாவும், 18 வீத வற் வரியும். கைமாறிய பிளேஸ்டேஷன் 4 ஒன்றை, நான்கைந்து டிஸ்க்குகளோடு, ஓடவிட்டுப் பார்த்து வாங்குவதே இன்றைக்கு நம்மவருக்கு உசிதம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். அந்த டிஸ்க்குகள், மிகச் சிலவற்றைத் தவிர, டிஸ்க் வாயுள்ள பிளேஸ்டேஷன் 5இலும் ஓடும் என்பதால் முதல் நட்டமில்லை. கடன் எடுத்து வாங்கவேண்டாம். நுண்கடன் என்ற சொல் இந்த மாவட்டங்களில் எத்தனை வாசற்படிகளில் கண்ணீராக நின்றது என்பது எல்லோரும் அறிந்ததே.

அடுத்து என்ன விளையாட்டு வருகிறது என்று கேட்கிறவர்கள் எல்லோரும் உண்மையில் ஒன்றையே கேட்கிறார்கள்: ஜி.ரி.ஏ. ஆறு எப்போது? ஐந்தாம் பாகம் வெளிவந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. 2013 செப்டெம்பர் 14ஆம் திகதி, 23 வருஷத்துக்குப் பிறகு ரயில் கிளிநொச்சிக்கு வந்தது; 21ஆம் திகதி வடக்கு மாகாண சபையின் முதலாவது தேர்தல்; இடையே 17ஆம் திகதி உலகமெங்கும் அந்த விளையாட்டு. ரயிலின் கூவல் கேட்டுப் பிறந்த பிள்ளைகள் மீசை அரும்பும் பருவத்துக்கு வந்துவிட்டார்கள். ஆறாம் பாகம் இன்னும் வந்தபாடில்லை. 2025 என்றார்கள், 2026 மே 26 என்றார்கள், பின்னர் 2026 நவம்பர் 19 என்று அறிவித்தார்கள். பிளேஸ்டேஷன் 5க்கும் புதிய எக்ஸ்பொக்ஸுக்கும் என்றே அறிவிப்பு; பழைய பெட்டிக்காரருக்குக் கிடையாது. முன்பணம் கட்டாதீர்கள். வந்தபின் யாராவது வாங்கியதைப் பார்த்து வாங்குங்கள்.

வவுனியா ஆசிரியையின் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. யுத்த விளையாட்டுகளைப் பிள்ளைகள் விளையாடலாமா என்று அவர் பொதுவாகத்தான் கேட்டார். உறையில் உள்ள 18 என்ற இலக்கம் ஐரோப்பிய வயதுக் கட்டுப்பாடு, அதை மதியுங்கள் என்று நானும் பொதுவாகத்தான் சொன்னேன். அப்போது அவர் தன் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொன்னார். மகன் முன்னறையில் விளையாடிக்கொண்டிருந்தான். இவர் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கூவிக்கொண்டு வந்து விழுந்து வெடிக்கும் சத்தம் ஒன்று கேட்டது. தான் எப்போது எழும்பினேன், எப்படிப் போனேன் என்று தெரியாதாம். நினைவு வந்தபோது குசினிச் சுவர் மூலையில், துருவுபலகையை நெஞ்சோடு அணைத்தபடி குந்தியிருந்தாராம். மகன் வந்து, “என்னம்மா, விழுந்திட்டீங்களா?” என்று கேட்டானாம். 2009க்குப் பின் பிறந்த பிள்ளை. அவனுக்கு அந்தச் சத்தம் ஒரு விளையாட்டின் சத்தம் மட்டுமே. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. விளையாட்டைத் தடை செய்யுங்கள் என்று அந்த அம்மாவுக்குப் பிரசங்கம் செய்யவும் மனமில்லை. நல்ல ஹெட்போன் ஒன்றை எடுத்து, வயர் முன்னறைக் கதிரை வரை எட்டுகிறதா என்று அளந்து, கொடுத்தனுப்பினேன்.

கடைசியாக, யாரும் கேட்காத ஒன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலை 31ஆம் திகதி, டொரொன்டோவிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழுவினர் ‘வெண்பா’ என்று ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தாய், தன் அம்மாவின் கிழிந்துபோன சமையற் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து, அழிந்த வரிகளை ஊகித்து ஊகித்துச் சமைக்கிறாள். நாமும் கூடச் சமைக்கவேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். அடுத்த வருஷம் பாஃப்டாவின் முதற்படைப்பு விருதைப் பெற்றது. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பொக்ஸ், கணினி எல்லாவற்றிலும் ஓடும். தரவிறக்கித்தான் வாங்கினேன், டிஸ்க் என்று இவ்வளவு நேரம் உபதேசம் செய்தவன் செய்த அபராதம் அது.

கடைக் கணினியில் அதை ஓடவிட்டு, என்னிடம் வேலை பழகும் பையன் புட்டு அவிக்கும் கட்டத்தில் திணறிக்கொண்டிருந்தான். மின்விசிறி திருத்த வந்து காத்திருந்த ஒரு அம்மா, சற்றுநேரம் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “எதுக்குத் தம்பி உந்தக் குழல்? நீத்துப்பெட்டியிலை வைச்சு அவியன்” என்றார். அது இந்த விளையாட்டில் இல்லை அம்மா என்று பையன் சொன்னான். பனையோலைப் பெட்டியில் அவித்தால்தான் புட்டு என்றும், குழலில் அவித்தது வேறொரு பண்டம் என்றும், இதைச் செய்தவர்களுக்கு அதை யாராவது எழுதிப்போட வேண்டும் என்றும் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டு, விலாசத்தைக் கேட்டார். தேடித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். மின்விசிறியை எடுக்க வெள்ளிக்கிழமை வருவார்.